கஸ்மாலம் (5): மாமாவுக்கு ஒரு கடிதம்

மாமா,

அடுத்த மாதத்திலிருந்து மாதம் ஒரு தமிழ்க் குறுக்கெழுத்து இங்கே போடப்போகிறேன். மெட்ராஸ் பாஷையும் வரும். நேரில் வந்து சொன்னால் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொள்வீர்கள், அதனால் இப்படி.

பொங்கலன்று நான் கொடுத்த குறிப்பு: 'பாத்திரத்துக்குள் பாதி ஸ்மார்ட், மெட்ராஸ் வசவு (5)'. பாத்திரம் என்றால் கலம், அதற்குள் ஸ்மார்ட்டில் பாதியான 'ஸ்மா'வைச் சொருகினால் கஸ்மாலம், ஐந்து எழுத்து. உங்களுக்கு விடை வந்துவிட்டது, பென்சில் நின்றதைப் பார்த்தேன். ஆனால் எழுதாமல், அத்தனை பேர் முன்னால் கீதை இரண்டாம் அத்தியாயத்தை ஆரம்பித்தீர்கள். கிருஷ்ணர் அர்ஜுனனிடம் கேட்கிற வார்த்தை, மனக்கலக்கம் என்று பொருள், வசவு என்று போட்டால் குறிப்பே தப்பு என்று. அப்போது நான் குரலை உயர்த்தியதற்கு மன்னித்துவிடுங்கள். சொன்ன விஷயத்துக்கு இல்லை. அதற்கப்புறம் நீங்கள் சொன்னதை இங்கே எழுத மாட்டேன், அத்தையும் படிக்கிறார்கள்.

சமஸ்கிருதத்தில் அதற்குக் கலக்கம், அழுக்கு என்றெல்லாம் பொருள் இருக்கிறது, யார் மறுத்தது? ராயபுரத்தில் குறுக்கே வந்தவனைப் பார்த்து ஒரு ஆட்டோக்காரர் 'கஸ்மாலம்' என்றால், ஐயோ பாவம் இவனுக்கு மனக்கலக்கம் என்றா வருத்தப்படுகிறார்? திட்டுகிறவருக்கும் வாங்குகிறவனுக்கும் பொருளில் ஒரு சந்தேகமும் இல்லை, நடுவில் நாம் யார்?

இந்தப் பைத்தியத்தை எனக்குப் பிடிக்கவைத்ததே நீங்கள்தான். தி ஹிந்துவை ஆங்கிலக் குறுக்கெழுத்து தெரிய நாலாக மடித்துக்கொண்டு, 'டின்' என்றால் காசு, 'ஸ்டர்' என்றால் ஜெயில், 'டார்' என்றால் மாலுமி என்று, லண்டன் பக்கமே போகாத மனுஷன் அந்த ஊர்த் தெருப் பேச்சை அப்படி ரசித்துச் சொல்வீர்கள். சுலபமான கட்டங்களை எனக்கென்று விட்டுவைத்துத் தெரியாத மாதிரி நடித்ததும் எனக்குத் தெரியும் மாமா.

அந்த ஊர்ச் சூதாடிகள் பேச்சு நம் வீட்டுக் கூடம் வரை வரலாம், ராயபுரத்துப் பேச்சு கட்டத்துக்குள் வரக்கூடாது, அப்படித்தானே? 'மங்கி' என்றால் 500 பவுண்டு என்று எந்த சுலோகத்தில் இருக்கிறது? சேம்பர்ஸ் அகராதியில் இருக்கிறது என்பீர்கள். நாலு பேர் பேசினார்கள், அதனால் அகராதியில் ஏறியது. அப்புறம் அந்த நோட்டுக் கதை. நம் 500 ரூபாய் நோட்டில் குரங்கும் 25 ரூபாய் நோட்டில் மட்டக்குதிரையும் இருந்தனவாம், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அந்தப் பெயர்களை ஊருக்குக் கொண்டுபோனார்களாம். அப்படி ஒரு நோட்டை யாரும் காட்டியதில்லை. இங்கே அரசாங்க நோட்டு வந்ததே 1861 சட்டத்துக்குப் பிறகு, 25 பவுண்டுக்கு 'போனி', அதாவது மட்டக்குதிரை, என்ற பேச்சு இங்கிலாந்தில் அதற்கும் முந்தியது. ரொம்ப நாளாகவே தெரியும், நீங்கள் அவ்வளவு ஆசையாகச் சொல்கிற கதையைக் கெடுப்பானேன் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். நீங்கள் என் குறிப்பை அப்படி விட்டீர்களா?

ஒன்று ஒத்துக்கொள்கிறேன். கொச்சை தெரியாதவர் கதி என்ன என்று கேட்டீர்களே, நியாயமான கேள்வி. அதற்குத்தான் பாத்திரமும் ஸ்மார்ட்டும்: அந்த வசவைக் காதால் கேட்டிராத திருநெல்வேலிக்காரரும் எழுத்தைக் கூட்டி வந்து சேர்ந்துவிடலாம். அந்த வழியை அடைக்கக் கூடாது என்பது நீங்கள் சொல்லிக்கொடுத்ததுதான்.

முதல் புதிரை அச்செடுத்துத் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன். தப்பு இருந்தால் எனக்கே எழுதுங்கள். அம்மாவுக்கு போன் போட்டுப் புலம்ப வேண்டாம்.