சேறு பத்தி ஒரு பக்கம் எழுதுனீங்க, தண்ணிய பத்தி ஒரு வரி இல்லையே

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல, இஸ்ரேலுக்கும் யோர்தானுக்கும் நடுவுல இருக்குற உப்பு ஏரி சாக்கடல், அங்க உள்ள சேத்துக் குளியல் பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். போட்டோ எல்லாம் அருமை, ஆனா படிச்சு முடிச்சதும் கொஞ்சம் கோவம் வந்துச்சு, அதான் எழுதுதேன். சேறு பூசுனா தோல் வியாதி போகும் மூட்டுவலி போகும் பத்து வயசு கொறஞ்ச மாதிரி ஆயிரும்னு பக்கம் பூரா எழுதுன அந்த தம்பி, தண்ணிக்குள்ள எப்படி இறங்கணும் எப்படி எந்திரிக்கணும்னு ஒண்ணுமே சொல்லலயே?

2019 மே லீவுல நானும் வீட்டம்மாவும் எங்க சபையில உள்ள நாப்பது பேரோட புனித நாடு டூர் போயிருந்தோம். எருசலேம் மலையில இருந்து பஸ் இறங்க இறங்க காது அடைக்குது. மேல இருக்கும்போது கடல் மட்டத்துக்கு 750 மீட்டர் ஒசரம், கீழ சாக்கடல் கரை கடல் மட்டத்துக்கும் 430 மீட்டர் பள்ளம், அதுவும் ஒரு மணி நேரத்துக்குள்ள. நடுவுல "கடல் மட்டம்"னு ஒரு போர்டு, பக்கத்துல போட்டோவுக்குன்னே ஒரு ஒட்டகம். நம்ம ஆளுங்க அதையும் விடல, அங்கயே அரை மணி நேரம் போச்சு. அந்த அரை மணிய டூர்காரங்க எங்க கழிச்சாங்கன்னா சாக்கடல்ல. கும்ரான் பக்கம் வடக்கு கரையில ஒரு பீச்ல இறக்கிவிட்டு கைடு மைக்ல சொன்னது ரெண்டே விஷயம்தான், துண்டு எடுத்துக்கோங்க, நாப்பது நிமிஷத்துல பஸ்ஸுக்கு வந்துருங்க. அவ்வளவுதான்.

சேறு நல்லாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. கரையோரமா முழங்கால் ஆழத்துல கைய விட்டு அள்ளுனா கருகருன்னு மை மாதிரி வருது, விரலுக்கு நடுவுல வழுக்கிட்டு போகுது, ஒரு மணல் நெருடல் கூட கிடையாது. லேசா அழுகுன முட்டை வாடை, அது கந்தகம். மலையில இருந்து வெள்ளத்துல அடிச்சிட்டு வந்த நைசான வண்டல் ஆயிரக்கணக்கான வருஷமா அந்த உப்புக்குள்ளயே ஊறி கெடக்கு, இரும்பும் கந்தகமும் சேந்துதான் அந்த கருப்பு, அதனாலதான் மேல பூசி வெயில்ல நின்னா காயக்காய சாம்பல் கலருக்கு மாறுது. சேலையோடதான் நிப்பேன்னு சொன்ன வீட்டம்மாவே கடைசியில நைட்டிய மாத்திட்டு வந்து ரெண்டு கைக்கும் மூஞ்சிக்கும் பூசிகிட்டா, எங்க பாஸ்டர் ஐயாவ அடையாளமே தெரியல, எல்லாரும் டை அடிச்சு காய வச்ச மாதிரி வரிசையா நிக்கோம், ஒரே சிரிப்பு.

அப்புறம் கழுவ தண்ணியில இறங்குனோம் பாருங்க, அங்கதான் வந்துச்சு வினை. போட்டோல நல்லா இருக்கணும்னு நான் காலையிலதான் ஷேவ் பண்ணியிருந்தேன். மொளகாய்த்தூள அள்ளி மூஞ்சில தேச்ச மாதிரி இருந்துச்சு. வீட்டம்மாவுக்கு பித்தவெடிப்பு, அவ போட்ட சத்தம் எதிர்க்கரை யோர்தானுக்கே கேட்டிருக்கும். இதெல்லாம் கூட சிரிச்சிட்டு போயிரலாம். எங்க கூட வந்த அண்ணாச்சி ஒருத்தர், அறுபத்தஞ்சு வயசு, தாமிரபரணியில நீச்சல் அடிச்சு வளந்தவரு, அந்த தெனாவட்டுல குப்புற விழுந்து நீந்தப் போயிட்டாரு. அந்த உப்புத் தண்ணி கனத்துக்கு ஆளு தானா மெதக்கும்லா, கால் ரெண்டும் மேல தூக்கிருச்சு, மூஞ்சி உள்ள போயிருச்சு, திரும்பணும்னா கால கீழ கொண்டு வரணும்லா, அது வரமாட்டேங்குது. இடுப்பளவு தண்ணி ஐயா! லைஃப்கார்டு பையன் ஓடியாந்து பொரட்டிப் போட்டு, நல்ல தண்ணி ஷவர்ல கண்ண கழுவி விட்டு, அவருக்கு பார்வை தெளியவே ரொம்ப நேரம் ஆச்சு. நாலு மடக்கு உள்ள போயிருந்தா ஆஸ்பத்திரிதான், அந்த தண்ணிய முழுங்குனா ரத்தத்துல உப்புச்சத்து ஏறி உயிருக்கே ஆபத்தாயிரும்.

எனக்கு ஊரு தூத்துக்குடி, எங்க அப்பா உப்பளத்துல கணக்கு பாத்தவரு, அதனால எனக்கு இது கொஞ்சம் வெளங்கும். உப்புத் தண்ணி எவ்வளவு கனம்னு டிகிரிலதான் அளப்பாங்க, சூட்டு டிகிரி இல்ல. கடல் தண்ணி மூணு டிகிரி, பாத்தியில ஏறி ஏறி இருவத்தஞ்சு டிகிரி வாக்குல உப்பு விளையும், அதுக்கு மேல போனா மிச்சம் நிக்கிறது நஞ்சோடை, எண்ணெய் மாதிரி வழுவழுன்னு ஒரே கசப்பு, மக்னீசியம். சாக்கடல் தண்ணி கணக்குக்கு இருவத்தெட்டு டிகிரி வருது. கிட்டத்தட்ட நஞ்சோடை! நூத்துக்கு 34 பங்கு உப்பு, நம்ம கடல்ல மூணரைதான். எங்க ஊர்ல யாராவது நஞ்சோடையில பிள்ளைகள இறக்கிவிட்டு நாப்பது நிமிஷத்துல வாங்கன்னு சொல்லுவாங்களா? மல்லாக்க மெதுவா உக்காருற மாதிரி சாயணும், எந்திரிக்கும்போது முழங்கால மடக்கி நெஞ்சுக்கு கொண்டு வந்து கால ஊணணும், தண்ணி தெறிக்கக்கூடாது, புண்ணு இருந்தா இறங்கக்கூடாது, முந்தின நாளே ஷேவிங்க நிறுத்திரணும், கரையில உப்புக்கல்லு கிழிக்கும் அதனால ரப்பர் செருப்பு வேணும். இத சொல்ல ரெண்டு நிமிஷம் ஆகுமா?

வியாதி தீரும்ங்கிறதுக்கும் ஒண்ணு சொல்லணும். சோரியாசிஸ்னு தோல் செதில் செதிலா உரியுற வியாதிக்காரங்களுக்கு அங்க கொணம் தெரியுறது நெசம்தான், ஆனா அவங்க நாலு வாரம் தங்கி டாக்டர் சொல்லுற கணக்குல தெனமும் வெயில் காஞ்சு தண்ணியில கெடக்காங்க. அவ்வளவு பள்ளத்துல காத்து கூடுதலா வடிகட்டுறதால தோல சுடுற கதிர் கொறவு, அந்த வெயிலுக்குத்தான் பெரிய பங்கு. டூர்காரன் குடுக்குற அரை மணியில போறது காசு மட்டும்தான்.

இன்னொண்ணு, உங்க கட்டுரையில தெக்க ஐன் போகேக் ஹோட்டல் படத்த போட்டு இயற்கை சேறுன்னு எழுதியிருக்கீங்க. அந்த தெக்குப் பக்கம் இப்ப கடலே இல்ல, வடக்க இருந்து தண்ணிய பம்ப் பண்ணி உரத்துக்கு பொட்டாஷ் உப்பு எடுக்க கட்டி வச்சிருக்குற பாத்தி, எங்க ஊரு உப்பளத்தோட பெரியண்ணன்னு வச்சுக்கோங்க. சேறு அங்க பாக்கெட்லதான். இதுல கூத்து என்னன்னா அடியில உப்பு படிஞ்சு படிஞ்சு அந்த பாத்தியில தண்ணி வருஷாவருஷம் ஏறிட்டு வந்துச்சு, நெசமான கடலோ வருஷத்துக்கு ஒரு மீட்டருக்கு மேல இறங்கிட்டே போகுது, யோர்தான் ஆத்துத் தண்ணிய மேலயே மறிச்சு எடுத்துட்டாங்க, மிச்சத்த இந்த பாத்திங்க குடிக்குது. கடல் விலகுன கரையில அடியில உள்ள உப்ப நல்ல தண்ணி கரைச்சு திடீர் திடீர்னு கிணறு மாதிரி குழி விழுது, 2015ல மினரல் பீச்சுன்னு ஒண்ண அதுக்காகவே மூடிட்டாங்க. வேலி போட்ட பக்கம் நல்ல சேறு கெடக்குன்னு தாண்டிப் போறவங்க நம்ம குரூப்லயும் ரெண்டு பேரு இருந்தாங்க!

அடுத்த தடவை சேத்து படம் போட்டா ஓரத்துல ஒரு கட்டம் கட்டி இதையும் போடுங்க ஐயா. அண்ணாச்சி இப்ப நல்லா இருக்காரு, ஆத்துல கூட மல்லாக்கத்தான் மெதக்காரு. வீட்டம்மா மதினிக்குன்னு பேரம் பேசி வாங்குன சேத்து பாக்கெட்டு கல்லா இறுகி இன்னும் பீரோ மேல கெடக்கு.

இப்படிக்கு,
உப்பளத்துக்காரன் மகன்,
தூத்துக்குடி