வி.யு.எஸ். அறிக்கைகளுக்கு மறுஆய்வுத் தேதி வேண்டும்

பெறுநர்: தலைவர் அவர்கள், பரிசோதனைக்கூடங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம் (என்.ஏ.பி.எல்.), குருகிராம்.

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். நோயறி கூடங்களின் தரத்தை ஐ.எஸ்.ஓ. 15189-இன்படி சோதித்துச் சான்றளிக்கும் தங்கள் வாரியத்திடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன். மரபணுப் பரிசோதனையில் வி.யு.எஸ். (பொருள் இன்னும் உறுதியாகாத மாறுபாடு) என்று முடிவு தரும் ஒவ்வோர் அறிக்கையிலும், அதை மீண்டும் எப்போது, யார் ஆராய்ந்து சொல்வார் என்பதை அச்சிட வேண்டும் எனத் தாங்கள் விதிக்க வேண்டும்.

ரத்தச் சர்க்கரையின் அளவு எடுத்த நாளோடு பழையதாகிவிடும். மரபணுவில் கண்ட மாறுபாடோ அப்படியே இருக்க, அதற்கு நாம் சொல்லும் பொருள்தான் மாறுகிறது. 2015-இல் வெளியான அமெரிக்க நெறிமுறை வகுத்த ஐந்து வகைகளில், நோய் தருவது என்றோ தீங்கற்றது என்றோ சொல்லச் சான்று போதாதவை வி.யு.எஸ். எனப்படுகின்றன. மக்களிடையே ஒரு மாறுபாடு எவ்வளவு அரிது என்பது முக்கியமான சான்று. ஆனால் உலகத் தரவுத்தளங்களில் பெரும்பான்மையோர் ஐரோப்பிய வழியினர் என்பதால், நம்மிடையே சாதாரணமாக இருப்பதும் அங்கே அரிதாகத் தெரியும். எம்.ஒய்.பி.பி.சி.3 மரபணுவில் 25 டி.என்.ஏ. எழுத்துகள் விடுபட்ட மாறுபாடு தெற்காசியரில் ஏறத்தாழ 4 விழுக்காட்டினரிடம் உள்ளதென்றும், இதயத் தசை நோயோடு தொடர்புடையதென்றும் 2009-இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். ஐரோப்பியரிடம் மட்டும் தேடியிருந்தால் அது அகப்பட்டிருக்காது. 10,000 இந்தியரின் மரபணுத் தொகுதிகளைக் கொண்ட ஜீனோம் இந்தியா தரவு 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டது. இத்தகைய தரவு பெருகப் பெருகப் பழைய முடிவுகள் பல இடம் மாறும். புற்றுநோய் மரபணுக்கள் பற்றி 2018-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வகை மாற்றப்பட்ட வி.யு.எஸ். மாறுபாடுகளில் 10-க்கு ஏறத்தாழ 9 தீங்கற்ற பக்கமே சாய்ந்தன.

வகை மாறிய அந்தச் செய்தி நோயாளியைச் சேர வழியில்லை. சிற்றூர் சேகரிப்பு மையத்தில் ஊதா மூடிக் குழாயில் எடுத்த ரத்தம் கூரியரில் பெருநகரத்துக்குப் போகிறது. அறிக்கை வாட்ஸ்அப்பில் திரும்பி வருகிறது. கடைசிப் பக்கத்தில், இம்முடிவு இன்றைய அறிவின் அடிப்படையிலானது என்ற வரி இருக்கும். (ஒரு துளி ரத்தத்தில் நூறு நோய்கள் என்ற விளம்பரம் கொட்டை எழுத்தில் இருக்க, இது மட்டும் ஏனோ எறும்பெழுத்தில்.) பரிந்துரைத்த மருத்துவர் மாற்றலாகிப் போயிருப்பார், மார்பகப் புற்றுநோய் வந்த தாயின் பி.ஆர்.சி.ஏ. (மார்பக, சினைப்பைப் புற்றுநோயோடு தொடர்புடைய மரபணு) முடிவில் வி.யு.எஸ். என்றிருப்பதை மகள் ஆண்டுக்கணக்கில் அபாயமென்றே எண்ணிக்கொண்டிருப்பாள். அந்த முடிவை மட்டும் நம்பிக் மார்பகத்தையோ சினைப்பையையோ அகற்றக் கூடாதென்பது நெறி. அதை விளக்கிச் சொல்ல மரபணு ஆலோசகர் எல்லா ஊரிலும் இல்லை.

செலவாகும் என்று கூடங்கள் சொல்லும். மரபணு எழுத்துகளின் வரிசையைப் பதிந்த கணினிக் கோப்பு பாதுகாக்கப்பட்டிருந்தால் புதிதாக ரத்தம் எடுக்க வேண்டியதில்லை. ஒரு மாறுபாட்டின் வகை ஒருவருக்கு மாறியதும், அதே மாறுபாடு உள்ள பிற நோயாளிகளைக் கூடத்தின் பதிவேட்டிலேயே தேடிவிடலாம். ஆயுள் முழுவதற்குமான பொறுப்பை அவர்கள்மேல் சுமத்தச் சொல்லவில்லை. ஈராண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு, ஒப்புதல் படிவத்திலேயே நோயாளியின் தொலைபேசி எண், அவர் வேண்டாமென்றால் விலக உரிமை: இவை போதும். தங்கள் அங்கீகாரத்தை நாடாத கூடங்களை இவ்விதி தொடாது என்பதால், சுகாதார அமைச்சகத்துக்குத் தனியே எழுதுகிறேன்.

இப்படிக்கு,
மரபணு ஆலோசகர் ஒருவர்