செயலாளர் ஆண்டறிக்கை: ஆடியில் எடுத்த படங்கள்

நம் கலியாணப் படப்பிடிப்பாளர் சங்கத்தின் தலைவர், பொருளாளர், உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் பொதுக்கூட்டம் வைத்தோம். அப்படியும் மூன்று பேர் கலியாண மண்டபத்தில் நிற்பதாகத் தகவல். அவர்களுக்கு நல்ல வெளிச்சம் கிடைக்கட்டும்.

செயற்குழு மாதம் ஒருமுறை கூடியது. சந்தா பாக்கி பற்றிப் பொருளாளர் வாசிப்பார். அந்தப் பட்டியலில் என் பெயரும் உண்டு. டிரோன் பறக்கவிடுகிறவர்கள் சிவில் விமான அதிகாரசபையின் அனுமதியை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

இனி விஷயம். தை மாதக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர், "எனக்கு அலுத்துப்போச்சு அண்ணை" என்றார். பொன்னுருக்கல், தாலிகட்டு, அம்மி, அருந்ததி, பின்னேரம் காலிமுகத்திடல். கண்ணை மூடிக்கொண்டே எடுக்கலாம், எடுத்தும் வருகிறோம். என் கதையை அன்றைக்கே சொன்னேன். ஆல்பம் கொடுக்கப் போன வீட்டில் பெண்ணின் தங்கை ஒரு பக்கத்தில் நின்றுவிட்டாள். "அண்ணா, இது எங்கட மச்சாளின்ட ஆல்பத்திலயும் இருக்கே?" அதே கடல், அதே குடை, அதே சாய்ந்த தலை. ஆட்கள் மட்டும் வேறு. மச்சாளின் ஆல்பமும் என் கைவேலைதான்.

அதனால் வேலை குறைந்த ஆடியில் ஒரு போட்டி வைத்தோம். ஒரு கமரா, ஒரு 50 மி.மீ. லென்ஸ், பழைய பிலிம் ரோல் கணக்கில் 36 படம். மாப்பிள்ளை, பெண் யாரையும் எடுக்கக் கூடாது. இளசுகள் முனகினார்கள். சரி, முனகட்டும் என்று விட்டோம்.

ஒருவர், சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் கட்டுவித்த கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசர் கோயிலுக்குப் போய், கமராவைப் பையிலிருந்து எடுக்காமலே ஒரு மணி நேரம் இருந்தார். வாசல் வெளிச்சம் யார் முகத்தில் எப்படி விழுகிறது என்று பார்த்ததுதான் வேலை. 36இல் ஒன்றுகூட எடுக்கவில்லை, பரிசும் இல்லை. ஆனால் ஆவணியில் ஒரு கலியாணத்தில் பிளாஷை அணைத்துவிட்டு, பெண்ணை வாசல் பக்கமாக இரண்டு அடி நகர்த்தினார். இந்த ஆண்டில் நான் பார்த்த நல்ல படங்களில் அது ஒன்று.

இன்னொருவர், செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வரும் ஆடிவேல் தேருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தேர் பார்க்கிறவர்களை மட்டும் எடுத்தார். அப்புறம் ஒரு தாலிகட்டில் உதவியாளரை மணவறைப் பக்கம் நிறுத்திவிட்டு, பெண்ணின் தாயார் பக்கம் திரும்பினார். (உதவியாளர் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். அடி விழும்.)

புரட்டாதியில் லயனல் வென்டின் படங்களைச் சேர்ந்து பார்த்தோம். 1900இல் பிறந்து 1944இல் மறைந்த இலங்கைப் படப்பிடிப்பாளர். சட்டம் படித்தவர், பியானோவும் வாசித்தவர். பாதி உடம்பை நிழலுக்கே விட்டுவிடுகிறார். நாமோ நிழலைக் கண்டாலே பிளாஷ் போடுகிறோம். அன்றைய வாக்குவாதம் தேநீர் ஆறும்வரை போனது.

பெண்ணும் மாப்பிள்ளையும் போனில் கொண்டுவரும் இன்ஸ்டாகிராம் படங்கள் பற்றியும் பேசினோம். அவர்கள் கேட்டதை முதலில் மளமளவென்று எடுத்துக் கொடுத்துவிட்டு, நமக்கென்று அரை மணி நேரம் கேட்பது என்று முடிவு. எனக்கு ஒரு பெண் அதையும் தரவில்லை, பசி என்றார். நியாயம்தான்.

கார்த்திகைப் பயணம் மழையில் போனது. வரும் ஆடிக்கு 24 படமாகக் குறைக்கலாம் என்பது என் யோசனை. சபை முடிவு செய்யட்டும்.

சங்கத்தின் 50 மி.மீ. லென்ஸ் இன்னும் யாரிடமோ நிற்கிறது. கொண்டுவந்திருந்தால் தேநீர் நேரத்தில் தந்துவிடுங்கள்.

செயலாளர்
கொழும்பு