தவழும் குஞ்சு பண்ணையைத் தாண்டக் கூடாது: வண்ணமீன் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

வண்ணமீன் வளர்ப்போர் சங்க நிர்வாகிகளுக்கும், குஞ்சு பொரிக்கும் பண்ணை உரிமையாளர்களுக்கும்,

வணக்கம்.

குறையோடு பிறந்த குஞ்சுகளைக் கழிக்கலாமா, அதாவது கொன்று நீக்கலாமா, கூடாதா என்ற பேச்சு உங்களுக்குப் புதிதல்ல. பேச்சு எப்போதும் ஒரே இடத்தில்தான் முடிகிறது: அவரவர் மனசாட்சிக்கு விட்டுவிடுவோம். அப்படி விட்டதன் பலன், 'மிக்ஸ்' என்று விற்கிற பைகளுக்குள் நீந்திக்கொண்டிருக்கிறது. முதுகு வளைந்த கப்பி, செவுள் மூடி பாதியே வளர்ந்த ஏஞ்சல், நீந்தவே முடியாத ஃபைட்டர். கழிக்க மனம் வராதவர் விற்றுவிடுகிறார். வாங்கியவர் வீட்டுத் தொட்டியில் அது மெல்ல மெல்லச் சாகிறது. கொல்லாமல் விட்டதாக இதற்குப் பெயர் சொல்வதை எங்களால் ஏற்க முடியவில்லை.

தரையில் தவழும் ஃபைட்டர் குஞ்சை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நீந்தத் தொடங்கும் நாட்களில் குஞ்சு மேலே வந்து காற்றை விழுங்கித்தான், நீரில் மிதக்க உதவும் காற்றுப்பையை முதன்முதலில் நிரப்புகிறது. அதற்குக் கிடைப்பது சில நாட்கள்தான். நீரின் மேல் எண்ணெய்ப் படலமோ தூசியோ ஆடையாகப் படிந்திருந்தால், நீரோட்டம் பலமாக இருந்தால், குஞ்சால் காற்றை எட்ட முடியாது. பை சுருங்கியே நின்றுவிடும். மூன்றாவது வாரத்தில் மற்றவை நடுநீரில் மிதக்கும்போது இது வயிற்றைத் தரையில் தேய்த்துத் தவழும். மேலே மிதக்கும் தீனி இதற்கு எட்டாது. அடியில் சேரும் கழிவிலேயே கிடப்பதால் வயிற்றுத்தோல் புண்ணாகும். இதற்கெல்லாம் மேல் ஒரு கொடுமை உண்டு. ஃபைட்டர் செவுளை மட்டும் நம்பி வாழும் மீன் அல்ல. ஒரு மாத வயதை ஒட்டி அதன் தலைக்குள் காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு உருவாகிறது. அதன்பின் அடிக்கடி மேலே வந்தே ஆக வேண்டும். தவழும் குஞ்சு ஒவ்வொரு மூச்சுக்கும் உடம்பை முறுக்கி எம்பி, காற்றைப் பிடித்துக்கொண்டு மறுபடி தரையில் விழுகிறது. நாள் முழுவதும் இதே வேலை. இந்தக் குஞ்சை மூன்று மாதம் வளர்த்து, பையில் கட்டி, இன்னொருவர் கையில் கொடுப்பதை எந்த மனசாட்சி அனுமதிக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

இதில் பெரும்பகுதி தடுக்கக்கூடியது என்பதுதான் கோபத்தைக் கூட்டுகிறது. குஞ்சுத் தொட்டியில் நீர்மட்டம் 10 முதல் 15 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். ஸ்பாஞ்ச் ஃபில்டரில் குமிழி ஒன்றிரண்டாக வந்தால் போதும். காலையில் மை படாத வெள்ளைத்தாளை நீரின் மேல் விரித்து எடுத்தால் படலம் தாளோடு வந்துவிடும். தொட்டியை மூடிவைத்தால் தூசியும் விழாது, மேலே நிற்கும் காற்றும் குளிராது. இவ்வளவு செய்தும் சில குஞ்சுகள் தவழத்தான் செய்யும். அவற்றை மூன்று, நான்கு வாரத்துக்குள் கழித்துவிட வேண்டும். எங்கள் முக்கியக் கோரிக்கை இதுதான்: துன்பப்படும் குறையோடு பிறந்த குஞ்சு பண்ணை வாசலைத் தாண்டக் கூடாது.

துன்பப்படும் குறை என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இன்று கத்தி தலைகீழாக விழுகிறது. இரட்டை வால் தங்கமீன் ஈற்றில் ஒற்றை வாலோடு வரும் குஞ்சு வேகமாக நீந்தும், நன்றாகத் தின்னும், பத்து ஆண்டுக்கு மேலும் வாழக்கூடியது. அது தோற்பது கண்காட்சி அளவுகோலில் மட்டும்தான். அதைத்தான் முதலில் கொல்கிறீர்கள். அது மற்றக் குஞ்சுகளின் தீனியைப் பறிக்கும் என்பது உண்மை. ஆகவே இரண்டு, மூன்று வார வயதில் வெள்ளைக் கிண்ணத்தில் விட்டு மேலிருந்து வாலைப் பார்த்துப் பிரித்துவிடுங்கள். பிறகு 'ஒற்றை வால், இனப்பெருக்கத்துக்கு அல்ல' என்று சொல்லியே கொடுங்கள். முதல் மாதத்தில் நிறம் பார்த்துக் கழிப்பதிலும் பொருளில்லை, தங்கமீன் குஞ்சு பழுப்பாகத்தான் தொடங்கும். சிறிய குஞ்சுகளையும் அவசரப்பட்டுக் கழிக்காதீர்கள். தனித்தொட்டியில் இரண்டு வாரம், அன்றன்று பொரித்த ஆர்ட்டீமியா என்னும் நுண்ணிய இறாலினமும் தினசரி நீர்மாற்றமும் கொடுத்துப் பாருங்கள். பல 'சவலை'க் குஞ்சுகள் நெரிசலில் தீனி கிடைக்காமல் நின்றுபோனவைதான்.

வளைந்த முதுகு மட்டும் இன்னும் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. கப்பியில் அது பரம்பரையாக வரக்கூடும். தீனியில் வைட்டமின் சி குறைந்தாலும் வரும், மீன் காசநோயாலும் வரும். காசநோயாக இருந்தால் அதே கிருமி தொட்டிக்குள் விடும் கையின் காயம் வழியே மனிதத் தோலையும் பிடிக்கும். ஒரே ஈற்றில் பல குஞ்சுகள் வளைந்திருந்தால் குஞ்சுகளைக் கழிப்பதோடு நிறுத்தாதீர்கள். அந்தத் தாய், தந்தை இரண்டையும் இனப்பெருக்கத்திலிருந்து விலக்குங்கள். வளர்ந்த மீனும் வளைந்து மெலியத் தொடங்கினால் அந்தத் தொட்டியிலிருந்து ஒன்றும் வெளியே போகக் கூடாது.

அதே முதுகெலும்புக் குறையைப் பிடித்துப் பெருக்கி, பந்துபோல் உருட்டி, 'பலூன் மோலி' என்று தனி ரகமாக விற்பதையும் உங்கள் சங்கங்கள்தான் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. ஒரு தொட்டியில் கழிக்க வேண்டிய குறை அடுத்த தொட்டியில் எப்படிச் சிறப்பு ஆகிறது? அதற்குத் தனி மடலே எழுத வேண்டும். இப்போதைக்குக் கோரிக்கைக்குத் திரும்புகிறோம்.

கழிக்கும் முறையையும் விதியாக எழுதுங்கள். கழிவறையில் ஊற்றுவது, தரையில் வீசுவது, உறைபெட்டியில் வைப்பது எல்லாமே மெதுவான சாவு. ஒரு லிட்டர் தொட்டி நீருக்கு 10 சொட்டு, அதாவது ஏறத்தாழ அரை மில்லிலிட்டர், கிராம்பு எண்ணெய் கலந்தால் குஞ்சு மயங்கிச் சாகும். எண்ணெயை அப்படியே விட்டால் மேலே மிதக்கும். ஒரு சிறு குப்பியில் வெதுவெதுப்பான நீரோடு பால்போல் வெளுக்கும்வரை குலுக்கிக் கலக்க வேண்டும். செவுள் அசைவு நின்ற பிறகும் குறைந்தது 10 நிமிடம் நீரிலேயே விடுங்கள். அவசரத்தில் எடுத்தால் மயக்கம் தெளிந்துவிடும். 3.8 சென்டிமீட்டருக்கு உட்பட்ட வெப்பமண்டல மீன்களுக்கு 2 முதல் 4 டிகிரிப் பனிக்கட்டி நீரும் ஏற்கப்பட்ட முறை, பனிக்கட்டி உடலில் படாமல் இருந்தால். குளிர் தாங்கும் தங்கமீனுக்கு அது ஆகாது.

குளத்தில் விடுவது கழிப்பதற்கு மாற்று அல்ல. ஒரு பெண் கப்பி வயிற்றில் பல மாதங்களுக்கு விந்தைச் சேமித்து வைத்திருக்கும். ஒன்றே ஒன்று போதும் ஒரு குளத்தை நிரப்ப. தங்கமீன் அடிச்சேற்றைக் கிளறி நீரைக் கலக்கிச் செடிகளைப் பிடுங்கும். கழிக்க மனமில்லை என்றால் பெருக்காமல் இருங்கள். நூறு குஞ்சுக்குத்தான் இடம் என்றால் ஆயிரம் முட்டையையும் ஏன் பொரிக்கவிட வேண்டும்? முட்டையிட்ட அன்றே, முட்டைக்குள் கருவின் கண் தெரியும் முன்பே, மிகுதியை எடுத்துவிடலாம். அந்த ஒரு நாள் வேலையைச் செய்தால் நான்காவது வாரத்துக் கொலையில் பெரும்பகுதி தேவைப்படாது.

ஆகவே பணிவோடு மறுபடி கேட்கிறோம். துன்பப்படும் குறையுள்ள குஞ்சு பண்ணை வாசலைத் தாண்டக் கூடாது என்று உங்கள் சங்க விதியில் ஒரு வரி சேருங்கள். அடுத்த இனப்பெருக்கத்துக்கு மீன்களை ஜோடி சேர்க்கும் முன் அந்த வரி எல்லாப் பண்ணைகளுக்கும் போய்ச் சேர்ந்தால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

இப்படிக்கு,
வண்ணமீன் வளர்ப்போர் சிலர்