அரசு வருவதற்கு முன்பே இருந்தவை

ஆசிரியருக்கு வணக்கம்.

உரிமைகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அரசு கொடுத்தால்தான் உரிமை, இல்லாவிட்டால் அது வெறும் ஆசை என்கிறார் கட்டுரையாளர். இதில் பாதியை ஒப்புக்கொள்ளலாம். மீதிப் பாதி ஆபத்தானது.

அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். உயிரும் சுதந்திரமும் பறிக்க முடியாத உரிமைகள், அவற்றைக் காக்கவே மனிதர்கள் அரசை அமைக்கிறார்கள் என்று 1776இல் சுதந்திரப் பிரகடனம் சொன்னது. அதை எழுதிய ஜெஃபர்சன் தன் வாழ்நாளில் நூற்றுக்கணக்கான அடிமைகளை வைத்திருந்தவர். நாடு முழுவதும் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1865இல், அரசியலமைப்புச் சட்டத்தின் 13ஆவது திருத்தத்தால். அரசு தருவதுதான் உரிமை என்றால், இடைப்பட்ட 89 ஆண்டுகளில் ஏலத்தில் விற்கப்பட்டவர்களுக்கு அநீதியே நடக்கவில்லை என்றாகிவிடும். எல்லாம் சட்டப்படிதானே நடந்தது! அவர்களுக்கு உரிமை இருந்தது. காக்க வேண்டிய சட்டமோ, தப்பி ஓடியவர்களைப் பிடித்து எஜமானர்களிடம் ஒப்படைத்துக்கொண்டிருந்தது.

சரி, உரிமை பிறப்பிலேயே இருக்கிறது என்றால் அரசு எதற்கு? ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக் 1689இல் வெளிவந்த தன் நூலில் இதற்குப் பதில் சொன்னார். (பெயர் போடாமல்தான் வெளியிட்டார். உரிமையைப் பற்றி எழுதவே அன்று துணிச்சல் வேண்டியிருந்தது.) அரசு இல்லாத இடத்தில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம் கிடையாது, நடுநிலையான நீதிபதி கிடையாது, தீர்ப்பை நிறைவேற்றும் பலமும் கிடையாது என்றார். இவற்றில் நீதிபதி விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. என்னை அடித்தவனுக்கு நானே தண்டனை கொடுத்தால் ஒன்றுக்கு இரண்டாகத்தான் கொடுப்பேன். அவனுடைய அண்ணன் தம்பிகள் சும்மா இருப்பார்களா? இத்தனைக்கும் யாரும் கெட்டவர்களாக இருக்க வேண்டியதில்லை. அடிபட்டவனுக்குத் தன் பக்க நியாயம் மட்டும்தான் தெரியும். அதனால் தண்டிக்கும் வேலையைப் பொதுவான ஒரு இடத்தில் ஒப்படைக்கிறோம். உயிரையும் சுதந்திரத்தையும் சேர்த்து ஒப்படைப்பதில்லை.

சண்டை ஓயட்டும் என்று இன்னொரு ஆங்கிலேயத் தத்துவவாதியான ஹாப்ஸ் சொன்னதுபோல் மொத்த அதிகாரத்தையும் ஆட்சியாளரிடம் கொடுத்துவிட்டால், அவர் செய்யும் தவறை யாரிடம் முறையிடுவது? குற்றம் சாட்டப்பட்டவரும் அவரே, நீதிபதியும் அவரே. பழைய சிக்கல்தான், ஆனால் இப்போது அவர் கையில் படையும் இருக்கிறது.

அரசின் மீதே வழக்குப் போட முடிகிற, அரசுக்குக் கட்டுப்படாத நீதிமன்றங்களைப் பற்றிக் கட்டுரையாளர் ஒரு வரிகூட எழுதவில்லை. அடுத்த இதழில் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்