பகிடி என்றால் பகிடி என்று எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஏப்ரல் 2, உலக ஓட்டிச (autism) விழிப்புணர்வு நாள். அதையொட்டி ஒவ்வொரு வருடமும் பத்திரிகைகளில் கட்டுரைகள் வருகின்றன. பிள்ளை பேசப் பிந்தினால் யாரிடம் காட்டுவது, எதைக் கவனிப்பது என்று பெற்றோருக்குத் தேவையானதைச் சொல்கிறார்கள். நல்லது. ஆனால் அந்தப் பிள்ளைகள் வளர்ந்துவிடுகிறார்கள். வேலைக்குப் போகிறார்கள். பள்ளிக்கூட ஓ.எல். பட்ச், கோயில் திருவிழா, வேலைத்தலம் என்று எல்லாரையும் போல வாட்ஸ்அப் குழுக்களில் இருக்கிறார்கள். அங்கே அவர்கள் படுகிற பாட்டைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

என் தம்பி ஓட்டிசம் உள்ளவர். போன மாரியில் மழை விடாமல் பெய்த நாளொன்றில், அவருடைய பட்ச் குழுவில் ஒன்றுகூடல் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர், "எல்லாரும் தோணியில வாங்கடா" என்று போட்டார். தம்பி, "எந்தத் துறையில இருந்து? எத்தின மணிக்கு வெளிக்கிடும்?" என்று கேட்டார். அன்று முழுக்கச் சிரிப்பு ஸ்டிக்கர்கள்தான். கிரான் பக்கம் வெள்ளம் ஏறினால் புலிபாய்ந்தகல் வீதியால் போகிற சனம் தோணியில்தான் போகிறது என்பது மட்டக்களப்பாருக்குத் தெரியும். ஆகவே தம்பி கேட்டது மடத்தனமான கேள்வி அல்ல. "பகிடிக்குச் சொன்னன் மச்சான்" என்று யாராவது ஒருவர் எழுதியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அத்தனை பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இன்னொரு முறை, ஒருவர் புதிதாக எடுத்த மோட்டார் சைக்கிளின் படத்தைப் போட்டு "எப்படி?" என்றார். தம்பி, "இதுக்குப் பாட்ஸ் எடுக்கிறது கரைச்சல்" என்று எழுதினார். கேட்டார்கள், தெரிந்ததைச் சொன்னார். அவருக்கு அது அக்கறை. குழு அதைப் பொறாமை என்று எடுத்துக்கொண்டது.

ஓட்டிசம் உள்ளவர்களுக்கு நகைச்சுவையே விளங்காது என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள். பிழை. சொற்களைப் பிரித்தும் புரட்டியும் தம்பி சொல்லும் பகிடிகளுக்கு எங்கள் அம்மா வயிறு நோகச் சிரிப்பார். தம்பிக்குச் சிக்கலாவது, சொல் ஒன்றாகவும் கருத்து வேறாகவும் இருக்கிற நக்கல். "நீ பெரிய ஆள்தான்" என்று நேரே சொன்னால் குரலின் இழுவையே காட்டிக்கொடுக்கும். திரையில் அந்த இழுவை கிடையாது. கண்ணீர் வரச் சிரிக்கும் அதே மஞ்சள் முகத்தைச் சந்தோசத்துக்கும் போடுகிறோம், ஆளைக் கேலி செய்யவும் போடுகிறோம். வடிவேலுவின் முகத்தோடு ஒரு ஸ்டிக்கர் வந்தால், அந்தக் காட்சியைப் பார்த்திராதவருக்கு அது என்ன சொல்கிறது என்று எப்படித் தெரியும்?

எழுத்தில் தொனி தொலைவது எல்லாருக்கும்தான். 1982இல் அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில், பகிடியாக எழுதியதைச் சிலர் உண்மையென்று எடுத்துக்கொண்டதால்தான் ஸ்கொட் ஃபால்மன் என்ற கணினி விஞ்ஞானி நிறுத்தக்குறிகளைச் சேர்த்துச் சிரித்த முகம் ஒன்றைப் போடலாம் என்று யோசனை சொன்னார். 2005இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், மின்னஞ்சலில் தாங்கள் எழுதும் நக்கலைப் பெறுபவர் கண்டுபிடித்துவிடுவார் என்று எழுதியவர்கள் உறுதியாக நம்பினார்கள். உண்மையில் சரியாகப் பிடிபட்டது பாதிக்குச் சற்று மேல்தான். இவை இரண்டும் ஓட்டிசம் உள்ளவர்களை மட்டும் பற்றியவை அல்ல.

ஓட்டிசம் உள்ளவர், இல்லாதவர் என்று விளங்காமை இரண்டு பக்கமும் இருக்கிறது என்று 2012இல் எழுதியவர் டேமியன் மில்டன், தாமே ஓட்டிசம் உள்ள பிரித்தானிய ஆய்வாளர். 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஒரு கதையை ஆளுக்கு ஆள் கடத்தச் சொன்னார்கள். ஓட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசை, இல்லாதவர்களின் வரிசைக்குச் சமமாகக் கதையைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. இரு சாராரும் கலந்திருந்த வரிசையில்தான் கதை கூடுதலாகத் தேய்ந்தது. அப்படியிருக்க, விளங்கிக்கொள்ளும் வேலை முழுவதையும் என் தம்பியின் தலையில் மட்டும் ஏற்றுவது என்ன நியாயம்?

"அப்ப வொய்ஸ் போட்டா என்ன?" என்று கேட்பார்கள். சிலருக்கு அது உதவும். ஆனால் ஓட்டிசம் உள்ள பலருக்கு எழுத்துத்தான் வசதி. ஆறுதலாக வாசிக்கலாம், யோசித்துப் பதில் போடலாம், எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அந்த இடத்தை அவர்களிடமிருந்து பறிக்கக்கூடாது.

பகிடி விட்டால் பக்கத்தில் "பகிடி" என்று அடைப்புக்குள் போட்டுவிடுங்கள். "இது பகிடியா, உண்மையா?" என்று ஒருவர் கேட்டால் நேராகப் பதில் சொல்லுங்கள், அப்படிக் கேட்கத் துணிவு வேண்டும். விளக்கினால் பகிடி செத்துப்போகும் என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: கூத்துக் களரிக்குக் கோமாளி வரும்போதே வேடத்தைக் கண்டு சபை அறிந்துகொள்கிறது, அதனால் சிரிப்புக் குறைந்ததில்லை. ஒருவர் சொன்னதை அப்படியே நம்புவார் என்று தெரிந்துகொண்டு, வேண்டுமென்றே அவரை ஏவிவிட்டுப் பார்க்கிறவர்களும் குழுக்களில் இருக்கிறார்கள். அதைப் பகிடிக் கணக்கில் சேர்க்கவே முடியாது. குழுவை நடத்துகிறவர்கள் அந்த இடத்திலேயே தடுக்க வேண்டும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். வரும் ஏப்ரலில் வைத்தியர்களோடும் பெற்றோரோடும் நிறுத்திவிடாமல், ஓட்டிசம் உள்ள வளர்ந்தவர்களையே எழுதக் கேளுங்கள். எழுதக்கூடியவர்கள் எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள்.

ஓட்டிசம் உள்ள தம்பி ஒருவரின் அக்கா,
ஆரையம்பதி, மட்டக்களப்பு.