கீபோர்டைத் திருப்பிக் கொண்டுவரும் முன்

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"ஒரு கட்டையை ஒரு தரம்தான் அழுத்துகிறேன், சத்தம் மூன்று தரம் வருகிறது" என்று மிடி கீபோர்டைப் பெட்டியோடு திருப்பிக் கொண்டுவருகிறீர்கள். வாங்கிச் சோதித்தால் கீபோர்டில் குறை ஒன்றும் இருப்பதில்லை. மிடி கீபோர்டுக்குச் சொந்தச் சத்தமே கிடையாது; எந்தக் கட்டையை அழுத்தினீர்கள் என்று கணினிக்குச் சொல்வதே அதன் வேலை. கணினியில் ஒலியை உண்டாக்கும் சின்தசைசர் மென்பொருளில் டிலே, அதாவது வாசித்ததைச் சற்றுப் பிந்தி எதிரொலியாகத் திருப்பித் தரும் எஃபெக்ட், ஓடிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

நாங்கள் போட்டுத் தரும் சின்தசைசரான சர்ஜ் எக்ஸ்டி இலவச மென்பொருள். அதில் எஃபெக்ட்டுக்கு மட்டும் 16 இடங்கள் உண்டு. பல பிரிசெட்டுகள் (முன்பே அமைத்து வைத்த ஒலிகள்) எஃபெக்ட்டோடு சேர்த்தே சேமிக்கப்பட்டவை. திரையில் எஃபெக்ட்டுகளை நிறுத்தும் எஃப்எக்ஸ் பைபாஸ் என்ற பகுதியில் 'ஆல்' என்பதை அழுத்தி வாசித்துப் பாருங்கள். எதிரொலி நின்றுவிட்டால் கீபோர்டைப் பெட்டியில் போட வேண்டாம்.

எதிரொலி இல்லை, முதல் சத்தமே பிந்தி வருகிறது என்றால் அது டிலே அல்ல, லேட்டன்சி. ஆடியோ செட்டிங்கில் பஃபர் அளவை, அதாவது கணினி ஒரு தரத்துக்கு எத்தனை சாம்பிள் ஒலியைச் சேர்த்து அனுப்புகிறது என்பதைப் பாருங்கள். நொடிக்கு 44,100 சாம்பிள் வேகத்தில் 1024 பஃபர் என்றால் 23 மில்லிசெகண்ட் அதிலேயே போய்விடும். 256 வைத்தால் ஏறத்தாழ 6தான்.

டிலே நேரத்தின் குமிழைக் குத்துமதிப்பாகத் திருப்புவதால்தான் பாட்டு குழம்புகிறது. 60,000-ஐ டெம்போவால் (நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்ற எண்ணால்) வகுத்தால் ஒரு தட்டுக்கான நேரம் மில்லிசெகண்டில் கிடைக்கும். டெம்போ 90 என்றால் 667, அதில் முக்கால் தட்டு 500. தட்டுக்கு ஒன்றோ இரண்டோ சுரம் வாசித்தால், அந்த முக்கால் தட்டு டிலே சுரங்களின் இடைவெளியில் போய் விழும். அதனால் வாசிப்பை மறைக்காது. டிலேயைப் பாட்டின் டெம்போவோடு இணைக்கும் டெம்போ சிங்க் போட்டால் கணக்கை மென்பொருளே பார்த்துக்கொள்ளும். ஆனால் தாளம் காட்டும் கிளிக் சத்தம் இல்லாமல் தபேலாவோடு வாசிக்கும்போது அதை நம்பாதீர்கள், தாளம் கொஞ்சம் நகர்ந்தாலும் எதிரொலி தனி வழியில் போகும். அங்கே ஃபீட்பேக்கையும் (எதிரொலி எத்தனை தரம் திரும்பும் என்பது) மிக்ஸையும் (எதிரொலி எவ்வளவு கலக்கும் என்பது) குறைத்து வைப்பதே நல்லது.

ஒலியைப் பருமனாக்கும் கோரஸ் என்ற எஃபெக்ட்டும் ஒருவகை டிலேதான். சில பத்து மில்லிசெகண்டுக்குள் இருக்கும் அந்த நேரத்தை மெல்ல ஆட்டுகிறார்கள். நேரம் குறையும்போது சுருதி சற்று ஏறும், கூடும்போது இறங்கும். அது மூல ஒலியோடு கலக்க, நாலைந்து பேர் சேர்ந்து வாசிப்பதுபோல் கேட்கும். 1982-இல் வந்த ரோலண்ட் ஜூனோ-60 சின்தசைசரில் ஒலிக்கும் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒலியலையை உண்டாக்கும் ஆசிலேட்டர் ஒன்றுதான். அதன் பருமனான ஒலியில் பெரும்பங்கு கோரஸ் பொத்தான்களுடையது. நேரத்தை இன்னும் குறைத்து ஃபீட்பேக் கொடுத்தால் ஃபிளாஞ்சர் என்ற எஃபெக்ட். கேட்க அதுபோலவே இருக்கும் ஃபேசர் மட்டும் வேறு ஜாதி, அது டிலே அல்ல, ஃபில்டர் (வடிகட்டி) வேலை.

ஹெட்போனில் கேட்டு மயங்கிக் கோரஸை முழுக்கத் திறந்துவிடாதீர்கள். மண்டபத்து ஸ்பீக்கர் மோனோவில் (இட வலம் பிரிக்காமல்) ஓடினால் இடமும் வலமும் ஒன்றாகி, அந்த அகலம் சுருங்கிவிடும். வீட்டிலேயே ஒரு தரம் மோனோவில் கேட்டுவிடுங்கள்.

எஃபெக்ட் மென்பொருள் விற்கிற கடைக்காரன் இதைச் சொல்லக் கூடாதுதான்: உள்ளே இருப்பதைப் பழகாமல் தனியாக ஒன்றை வாங்க வேண்டாம்.

அப்படியும் சரிவரவில்லை என்றால் கீபோர்டோடு லேப்டாப்பையும் எடுத்துவாருங்கள். பார்த்துத் தருவதற்குக் கட்டணம் இல்லை.

இப்படிக்கு,
கடைக்காரர்